வீட்டுக் கணினியிற் பன்மொழித் தொலைக்காட்சி

(சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்திலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்றைய பேச்சுக்கு எமக்குத் தரப்பட்ட தலைப்பைக் கேட்டதும் பெரியோர்களிற் சிலர் புருவத்தை உயர்த்தியிருப்பீர்கள். “பிள்ளைகளைத் தொலைக்காட்சியின் முன்னாலிருந்து எழுப்புவதே பெரும்பாடு, சங்க மேடையிலும் அதுதானா?” என்று பக்கத்தில் இருப்பவரிடம் மெல்லச் சொல்லியும் இருக்கலாம். அந்த வழக்கை நாம் இன்று எடுக்கவில்லை. எமது வழக்கு வேறு. வீட்டின் நடுவிலே ஒரு பெட்டி இருந்து பேசுகிறது. அது எந்த மொழியிற் பேசவேண்டும் என்பதை யார் தீர்மானிப்பது? ஒளிபரப்பும் நிலையமா, வீட்டாரா? இதுதான் கேள்வி.

பழைய முறைத் தொலைக்காட்சியிலே இதற்கு விடை தெளிவாக இருந்தது. ஒரு படம், ஒரு குரல். நிலையத்தார் எந்த மொழியை ஏற்றி அனுப்பினார்களோ அந்த மொழியே வீட்டில் இறங்கும். 1982 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் ரூபவாகினி தொடங்கியபொழுது ஒரே அலைவரிசையிலே மூன்று மொழிகளும் நேரத்தைப் பங்கிட்டுக்கொண்டன. தமிழ்ச் செய்திக்கு ஒரு நேரம், சிங்களச் செய்திக்கு ஒரு நேரம், ஆங்கிலத்துக்கு ஒரு நேரம். தமிழ் மட்டும் அறிந்த பாட்டியார் தமக்குரிய நேரம் வரும்வரை படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் முடிந்ததும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவார். இரு குரலை ஒரே படத்தோடு அனுப்பும் முயற்சி பழைய முறையிலும் இல்லாமலில்லை. யப்பானிலே 1978 ஆம் ஆண்டிலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள். ஆயினும் இரண்டுக்கு மேலே போக அங்கே இடம் போதாது.

டிஜிட்டல் முறை வந்ததும் இந்த நிலை அடியோடு மாறிற்று. எப்படி மாறிற்று என்பதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். பொறுமையோடு கேளுங்கள், இதிலே கணிதம் அதிகம் இல்லை.

யாழ்தேவி கோட்டையிலிருந்து புறப்படுவதை எண்ணிப் பாருங்கள். ஆனால் இது பயணிகள் வண்டியன்று, முடிவில்லாத சரக்கு வண்டி. ஒவ்வொரு பெட்டியும் ஒரே அளவு: 188 பைற்று, அதற்குக் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் 71 என்னும் எண் நிற்கும். அதைக் கண்டுதான் “இங்கே ஒரு பெட்டி தொடங்குகிறது” என்று கணினி அறிந்துகொள்ளும். அதையடுத்து, பெட்டிக்குள் இருப்பது யாருடைய சரக்கு என்று காட்டும் ஓர் இலக்கம், 0 முதல் 8191 வரை ஏதாவதொன்று. படத்துக்கு ஓர் இலக்கம். ஒரு மொழிக் குரலுக்கு ஓர் இலக்கம். மற்ற மொழிக் குரலுக்கு இன்னோர் இலக்கம். திரையின் அடியில் வரும் எழுத்துக்கு வேறோர் இலக்கம். வழக்கமான ஒரு செய்மதி அலைவரிசையிலே விநாடிக்கு 20,000 பெட்டிகளுக்கு மேல் இப்படி ஓடும். ஒரு நிகழ்ச்சியின் பெட்டிகள் மட்டுமல்ல, ஐந்தாறு நிலையங்களின் பெட்டிகள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்தே ஓடும்.

அப்படியானால் வேண்டியதைப் பொறுக்குவது எவ்வாறு? பூச்சியம் என்ற இலக்கம் பெற்ற பெட்டிகள் படமும் ஏற்றுவதில்லை, குரலும் ஏற்றுவதில்லை. அவை ஏற்றுவது ஒரு பட்டியல். இந்த வண்டியில் இன்னின்ன நிலையங்கள் உண்டு, அவற்றின் விவரத்தை இன்னின்ன இலக்கத்திற் பார்க்க என்று அது சொல்லும். அந்த விவரத்தைத் திறந்தால், “படம் இது, இந்தக் குரல் ஜேர்மன் மொழி, இந்தக் குரல் பிரெஞ்சு மொழி” என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். மொழிச் சீட்டில் மூன்று எழுத்துக்களே இருக்கும். தமிழுக்கு ரி-ஏ-எம், சிங்களத்துக்கு எஸ்-ஐ-என், ஆங்கிலத்துக்கு ஈ-என்-ஜி. இவை சர்வதேசத் தராதர நிறுவனம் வகுத்த குறியீடுகள். ஜேர்மன் மொழிக்கும் பிரெஞ்சு மொழிக்கும் இவ்விரண்டு குறியீடுகள் உண்டு என்பது ஒரு வேடிக்கை. ஜேர்மனை டி-ஈ-யூ என்றும் எழுதலாம், ஜி-ஈ-ஆர் என்றும் எழுதலாம். பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயரும் வீட்டிலே ஒரு பெயருமாக வளர்ந்த பிள்ளைகளைப் போல. மென்பொருள் எழுதுவோர் இரண்டு பெயரையும் ஒருவருக்கே உரியதாகக் கொள்ளவேண்டியிருக்கிறது. மூல மொழிக் குரல் என்று மட்டும் காட்ட விரும்பினால் பிரான்சிலே கியூ-ஏ-ஏ என்ற குறியை ஒட்டுகிறார்கள்.

இந்தச் சிறு சீட்டைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்று கேட்பீர்கள். தீர்மானிக்கும் அதிகாரம் நிலையத்திலிருந்து வீட்டுக்கு இறங்கிவந்தது இந்தச் சீட்டின் வழியாகத்தான். எல்லாக் குரலும் வீட்டு வாசல்வரை வந்துவிடுகின்றன. எதை உள்ளே விடுவது என்பது வீட்டாரின் கையில்.

இதற்கு நாம் அறிந்த சிறந்த உதாரணம் ஐரோப்பாவிலே உள்ள ஆர்ட்டே என்னும் நிலையம். 1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி பிரான்சுக்கும் ஜேர்மனிக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. 1992 ஆம் ஆண்டு மே 30 ஆந் திகதி ஒளிபரப்புத் தொடங்கிற்று. தலைமையகம் ஸ்ட்ராஸ்பூர் நகரம். அந்த நகரத்தின் சரித்திரம் தெரிந்தவர்களுக்கு இதன் பொருள் விளங்கும். 1871 இல் அது ஜேர்மனியிடம் போயிற்று. 1918 இற் பிரான்சிடம் திரும்பிற்று. 1940 இல் மறுபடி ஜேர்மனியிடம். 1944 இல் மறுபடி பிரான்சிடம். ஆட்சி மாறுந்தோறும் பள்ளிக்கூடத்தின் மொழியும் தெருப் பலகையின் மொழியும் மாறின. ஒரே மனிதர் தம் வாழ்நாளிலே வீட்டுப்படி தாண்டாமல் நான்கு முறை நாடு மாறியிருக்கலாம். அப்படிப்பட்ட ஊரிலிருந்துதான், ஒரே படத்தை இரு மொழிக் குரலோடும் சேர்த்து அனுப்புகிறார்கள். ஒரு வீட்டிலே பிரெஞ்சிலும் அடுத்த வீட்டிலே ஜேர்மனிலும் அதே நாழிகையில் அதே படத்தைப் பார்க்கிறார்கள். யாருடைய மொழி முதலில், யாருடைய மொழி பிறகு என்ற வழக்கு அங்கே எழுவதற்கு இடமில்லை. இரண்டும் ஒரே வண்டியில் அருகருகே வருகின்றன.

அந்நாடுகளிலே எம்மவர் பல்லாயிரவர் வாழ்கிறார்கள். பாரிசில் ஒரு சகோதரர், ஜேர்மனியில் ஒரு சகோதரி என்ற குடும்பங்கள் இந்த மண்டபத்திலேயே பல உண்டு. கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகள் ஒரு வீட்டிலே கூடுகிறார்கள். மாமன் மக்கள் பிரெஞ்சு பேசுவார்கள், மற்றவர்கள் ஜேர்மன் பேசுவார்கள். தமிழ் இருபக்கமும் அரைகுறை. ஒரு படத்தைக் கூடியிருந்து பார்க்க அவர்களுக்கு இந்த ஏற்பாடு கைகொடுக்கும்: ஒரு மொழி ஒலிபெருக்கியில், மற்ற மொழி எழுத்தாகத் திரையின் அடியில். கிழக்கே 19.2 பாகையில், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலே நிற்கும் அஸ்ட்ரா செய்மதிகளிலிருந்து இது பூட்டில்லாமல் வருகிறது. மாதச் சந்தா இல்லை. கூரையிலே 80 சென்ரிமீற்றர்த் தட்டு ஒன்று போதும்.

இனிக் கணினிக்கு வருவோம். கடையில் வாங்கும் சாதாரணத் தொலைக்காட்சிப் பெட்டியும் மொழியை மாற்றும். ஆனால் அது ரிமோட்டின் ஏதோ ஒரு பொத்தானுக்குள் ஒளிந்திருக்கும். வீட்டுக் கணினிக்கு நெருப்புப் பெட்டி அளவான ஒரு ரியூனரைப் பொருத்திவிட்டால், மேலே சொன்ன பட்டியல் முழுவதும் கண்முன் விரிந்துவிடும். இதற்கான மென்பொருள்கள் பல இலவசம். அவற்றைப் பெரும்பாலும் ஆர்வத்தினாலே தொடங்கியவர்கள் இளைஞர்கள். ஜேர்மனியிலே கிளவுஸ் ஷ்மிடிங்கர் என்பவர் 2000 ஆம் ஆண்டில் வி.டி.ஆர் என்பதை வெளியிட்டார். அமெரிக்காவிலே ஐசாக் ரிச்சர்ட்ஸ் என்பவர் 2002 இல் மித்ரீவியைத் தொடங்கினார். விளையாட்டுப் பெட்டி ஒன்றுக்காகப் பிறந்த வேறொன்று 2014 இற் கோடி என்று பெயர் மாறிற்று. எமக்குக் கோடி என்றால் நூறு இலட்சம், அவர்களுக்கு அது ஒரு மென்பொருளின் பெயர். எல்லாவற்றிலும் எமக்குப் பிடித்தது வி.எல்.சியின் கதை. 1996 ஆம் ஆண்டிலே பாரிசின் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர்கள், கல்லூரி வலையமைப்பின் வழியாகத் தொலைக்காட்சியைத் தத்தம் அறையிற் பார்ப்பதற்கென்று அதை எழுதத் தொடங்கினார்கள். 2001 இல் உலகத்தார் யாவரும் எடுத்துத் திருத்தி வழங்கலாம் என்று அதைத் திறந்துவிட்டார்கள். இன்று எம் இளைஞர்களிற் பலருடைய கைப்பேசியிலும் அது இருக்கும். பெயர் நினைவில் இராது; வீதியில் வைக்கும் செம்மஞ்சட் கூம்பின் படம் நினைவில் இருக்கும்.

கணினியாற் கிடைக்கும் இன்னொரு நன்மை பதிவு. வருகிற பெட்டிகளை அப்படியே வன்தட்டில் இறக்கிவைப்பதுதான் பதிவு என்பது. படத்தை மறுபடி உருமாற்ற வேண்டியதில்லை. ஆகவே, எல்லாப் பெட்டிகளையும் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தால், எத்தனை மொழிகள் வந்தனவோ அத்தனையும் பதிவிலே தங்கும். விநாடிக்கு 40 இலட்சம் பிற்றுக்களாக வரும் நிகழ்ச்சி ஒரு மணிநேரத்துக்கு 1.8 கிகாபைற்று இடம் பிடிக்கும். ஒரு ரெராபைற்று வன்தட்டிலே 550 மணிநேரம் அடங்கும். இன்று ஜேர்மனிற் கேட்ட பிள்ளை அடுத்த வருடம் பிரெஞ்சுப் பாடம் படிக்கும்பொழுது அதே பதிவைப் பிரெஞ்சிற் கேட்கலாம். மொழிப் பாடத்துக்கு இதைவிடச் சிக்கனமான துணைவன் வேறு எது?

அன்றியும், ஒரு வண்டியிலே ஐந்தாறு நிலையங்கள் கலந்து வருகின்றன என்றோமல்லவா? ஒரு ரியூனர் அந்த வண்டி முழுவதையும் இறக்கிவிடும். ஆகவே அதே ரியூனரைக்கொண்டு ஒரு நிலையத்தை வரவேற்பறையிலும், இன்னொன்றை உள்ளறையிலும், வேறொன்றைப் பதிவுக்கும் ஒரே நேரத்தில் அனுப்ப முடியும். ரீவிஹெட்எண்ட் என்னும் மென்பொருள் இதைச் செவ்வனே செய்யும். இங்கே பெரியோர்கள் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: அறைக்கொரு திரை, ஆளுக்கொரு மொழி என்று ஆகிவிட்டால் குடும்பம் கூடியிருப்பது எப்பொழுது? நியாயமான கேள்வி. இந்தக் கருவி பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். எமது கருத்திலே, குரல் ஒரு மொழி, எழுத்து ஒரு மொழி என்று வைத்து ஒரே திரையிற் பார்ப்பதே இதன் உயர்ந்த பயன். அதை விட்டு நாலு அறையில் நாலு திரை வைப்பதற்கு இவ்வளவு பாடுபட்டிருக்கத் தேவையில்லை.

எழுத்து என்றதும் தமிழுக்குரிய ஒரு செய்தி. ஐரோப்பிய முறையிலே திரையின் அடியில் வரும் உபதலைப்பைப் படமாகவே அனுப்பலாம். நிலையத்தார் எழுதிய எழுத்து வடிவம் படமாக வந்து இறங்குகிறது. ஆகவே பார்ப்பவரின் கருவியில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்ற கவலை இல்லை. ஆனால் நிகழ்ச்சி நிரலிலே வரும் தலைப்புக்கள் அப்படியல்ல. அவை எழுத்துக் குறியீடுகளாகவே வருகின்றன. கிரேக்கம், அரபு, எபிரேயம், தாய்லாந்து மொழி ஆகியவற்றுக்குப் பழைய எட்டுப் பிற்று அட்டவணைகளிலே தனித்தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். தமிழுக்கு அந்த வரிசையிலே இடம் கிடைக்கவில்லை. 1991 இல் வந்த யூனிக்கோட்டின் முதற் பதிப்பில் தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. தொலைக்காட்சி நிரலும் யூனிக்கோட்டை ஏற்கும். ஆகவே நிலையத்தார் தமிழ்த் தலைப்பை முறைப்படி ஏற்றி அனுப்பினால் வீட்டுக் கணினி அதைத் தமிழிலேயே காட்டும். ஆங்கில எழுத்தில் ஏற்றினால் ஆங்கில எழுத்திலேயே காட்டும்; பாட்டியார் பேத்தியைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லவேண்டியதுதான்.

பல மொழிகளுக்குப் பல நிலையங்கள் என்பது இன்னொரு வழி. இந்தியத் தூரதர்சன் 2004 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே 33 அலைவரிசைகளோடு சந்தாவில்லாச் செய்மதிச் சேவை ஒன்றைத் தொடங்கிற்று. இப்பொழுது அதன் பெயர் டிடி ஃபிரீ டிஷ். தமிழும் மலையாளமும் தெலுங்கும் கன்னடமும் வங்காளமும் அதிலே தனித்தனி நிலையங்களாக வருகின்றன. நம்மிற் பலர் அறிந்த பொதிகை அலைவரிசை 2024 ஜனவரியில் டிடி தமிழ் என்று பெயர் பெற்றது. (பொதிகை என்ற பெயரை மாற்றாமலே விட்டிருக்கலாம் என்பது எமது எண்ணம்.) இந்த வழியிலே ஒவ்வொரு மொழிக்கும் தனி வீடு கிடைக்கிறது. ஆனால் அடுத்த வீட்டிலே என்ன பேசுகிறார்கள் என்று கேட்க வேலியில்லாத ஒரு முற்றம் கிடைப்பதில்லை. ஆர்ட்டேயின் வழி அந்த முற்றத்தைத் தருகிறது. பூட்டிட்டு அனுப்பப்படும் கட்டண அலைவரிசைகளும் உண்டு. ஒரே படத்துக்கு ஆங்கிலம், இந்தி, தமிழ் எனப் பல குரல் தரும் இந்திய நிலையங்கள் அவ்வகையின. அவற்றின் பூட்டைக் களவிலே திறக்கும் வித்தைகளை இணையத்திற் காண்பீர்கள். அவற்றை நாம் இங்கே சொல்லப்போவதில்லை. களவு களவே.

“இவையெல்லாம் எதற்கு? இப்பொழுது கணினியே மொழிபெயர்க்கிறதே” என்று இளைஞர் ஒருவர் நினைக்கலாம். உண்மைதான். 2022 ஆம் ஆண்டு செப்ரெம்பரில் விஸ்பர் என்னும் மென்பொருள் வெளியிடப்பட்டது. வீட்டுக் கணினியிலே இருந்தபடி, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் திறமை அதற்கு உண்டு; தமிழும் அது அறிந்த மொழிகளில் ஒன்று. ஆனால் அது மொழிபெயர்ப்பது ஆங்கிலத்துக்கு மட்டுமே. பிற மொழிப் பேச்சு ஆங்கிலமாகும், தமிழாகாது. தமிழாக்குவதற்கு வேறொரு பொறியைத் துணைக்கு அழைக்கவேண்டும். பெயர்களையும் ஊர்களையும் இவை பிழையாக எழுதுவதும் உண்டு. நாடகத்திலே அது சிரிப்பாய்ப் போகும். வெள்ள எச்சரிக்கையிலே ஊரின் பெயர் பிழைத்தால் சிரிக்க முடியாது. அங்கே மனிதர் ஒருவர் இருந்து, பொறுப்போடு சொல்லி, சீட்டு ஒட்டி அனுப்பிய குரலே வேண்டும்.

இங்கேதான் எமது நாட்டின் செய்தி வருகிறது. தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு 2014 ஆம் ஆண்டிலே இலங்கை யப்பானிய முறையைத் தேர்ந்தெடுத்தது. அந்த முறையும் நாம் சொன்ன அதே 188 பைற்றுப் பெட்டிகளைத்தான் ஓட்டுகிறது. அதிலும் பல குரல்களை ஏற்றலாம். யப்பானிலே என்.எச்.கே நிலையத்தின் மாலை ஏழு மணிச் செய்தியை யப்பானிய மொழியிலும் கேட்கலாம், ஒரு பொத்தானை அழுத்தி ஆங்கிலத்திலும் கேட்கலாம். ஆகவே ஒரே படத்தின் கீழே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றையும் ஏற்றி அனுப்புவதற்குப் பொறியியலிலே தடை எதுவும் இல்லை.

பொறியியலில் இல்லாத தடை செலவில் இருக்கலாம் என்பீர்கள். மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கவேண்டுமே! கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஓரிடத்தில் அந்தச் செலவு ஏற்கனவே செய்யப்பட்டாயிற்று. எமது பாராளுமன்றத்திலே உறுப்பினர் எந்த மொழியிற் பேசினாலும் மற்ற இரு மொழிகளிலும் உடனுக்குடன் சொல்வோர் இருக்கிறார்கள். உறுப்பினர்கள் அதைக் காதிலே பொருத்தும் கருவியாற் கேட்கிறார்கள். அந்த மூன்று குரலும் சபைக் கட்டடத்துக்குள்ளே உண்டு. அவற்றை மூன்று இலக்கங்களில் ஏற்றி, எஸ்-ஐ-என், ரி-ஏ-எம், ஈ-என்-ஜி என்று சீட்டு ஒட்டினால், பருத்தித்துறையிலிருக்கும் முதியவர் காலியிலிருந்து வந்த உறுப்பினரின் பேச்சைத் தமிழிற் கேட்பார். காலியிலிருக்கும் ஆசிரியை வன்னி உறுப்பினரின் பேச்சைச் சிங்களத்திற் கேட்பார். ஐரோப்பியப் பாராளுமன்றத்தின் அமர்வுகளை இணையத்தின் வழி 24 மொழிகளில் இப்படிக் கேட்கலாம். எமக்கு வேண்டியது மூன்றே மூன்று.

இதைக் கேட்டு வாங்கவேண்டியவர்கள் இளைஞர்களாகிய நீங்கள். நிலையங்களுக்குக் கடிதம் எழுதும்பொழுது “தமிழுக்கு நேரம் போதாது” என்பதோடு நில்லாமல், “இந்த நிகழ்ச்சிக்குத் தமிழ்க் குரலை இரண்டாவது தடமாக ஏற்றுங்கள், மொழிச் சீட்டைச் சரியாக ஒட்டுங்கள்” என்று எழுதுங்கள். சீட்டு ஒட்டாமல் வரும் குரலைக் கணினி இன்ன மொழி என்று அறியாது. வந்தும் வராததுபோலக் கிடக்கும். எதைக் கேட்கிறோம் என்று தெளிவாய்ச் சொன்ன கடிதத்தைக் குப்பைக் கூடையில் இடுவது கொஞ்சம் கடினம்.

வீட்டிலே செய்யவேண்டியது சிறிய வேலை. மென்பொருளின் அமைப்புப் பகுதியிலே விருப்ப மொழிகளை வரிசையாகக் கொடுக்கலாம். முதலிலே தமிழ், அடுத்துச் சிங்களம், அடுத்து ஆங்கிலம் என்று ஒருமுறை எழுதிவைத்துவிட்டால், தமிழ்க் குரல் எங்கே வந்தாலும் கணினி தானே அதைப் பிடித்துக்கொள்ளும். தமிழ் இல்லாவிட்டால் அடுத்ததற்குப் போகும். உபதலைப்புக்கு வேறு வரிசை கொடுக்கலாம். இந்த வரிசையை யார் எழுதுவது என்பதிலே வீட்டிற் சிறு பூசல் வரும். வீட்டில் மூத்தவருக்குக் குரலும் இளையவருக்கு எழுத்தும் என்று வைத்துக்கொள்வது நல்லது. வயது போனவர்களின் கண்ணுக்கு ஓடும் எழுத்தைப் பிடிப்பது கடினம். பிள்ளைகளுக்கோ அது வாசிப்புப் பயிற்சி.

பேசியது போதும், இனிக் கண்ணாற் பாருங்கள். ஜேர்மனியிலுள்ள உறவினர் வீட்டிலே பதிந்து அனுப்பிய ஆர்ட்டே நிகழ்ச்சி ஒன்று இந்தக் கணினியில் இருக்கிறது. யன்னலோரத்துப் பிள்ளைகள் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். இப்பொழுது கேட்பது ஜேர்மன். முன்வரிசையிலே இருக்கும் தம்பி, நீர் எழுந்து வாரும். விசைப்பலகையிலே பி என்ற எழுத்தை ஒருமுறை அழுத்தும்.